இன்று எனக்காகச் செய்தது

வவுனியா
28.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுபோ எழுதுகிறேன். இந்தக் கடிதம் கையில் கிடைக்கும்போது நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட்டு, பிரஷர் குளிசையையும் மறக்காமல் போட்டு, சுகமாக இருக்க வேண்டும். எனக்கு ஒரு குறையும் இல்லை. முழங்கால்தான் இடைக்கிடை குத்துகிறது.

போனில் கதைக்காமல் இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். நான்கு மாதமாக நான் அடிக்கிற போனை நீங்கள் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மிதுஷனோடு கதைக்கிறீர்கள் என்று தெரியும். "அம்மா நல்லாத்தான் கதைக்கிறா சித்தி, நீங்கள் ஏன் பயப்பிடுறியள்?" என்று கனடாவிலிருந்து என்னைக் கேட்கிறான். அவனுக்கு நான் என்ன சொல்ல? அதுதான் கடிதம். கடிதம் வந்தால் வாசிக்காமல் விடமாட்டீர்கள்.

இதோடு ஒரு டயறி அனுப்பியிருக்கிறேன். எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் போன கிழமை ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். புதுவருடத்தைப் புது மனதோடு தொடங்குவது எப்படி என்று கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வந்து கதைத்தா. எல்லாருக்கும் எல்லாம் செய்கிற பெண்கள் தங்களுக்கென்று ஒன்றும் செய்வதில்லையாம். அதனால் ஒவ்வொரு நாளும் தனக்காக ஒன்று செய்து, அதை ஒரு வரியில் எழுதிவைக்க வேண்டுமாம். காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று "நான் நலம்" என்று மூன்று தரம் சொல்லவும் வேண்டுமாம். பின்னுக்கு வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களைத்தான் நினைத்தேன். டயறியின் ஒவ்வொரு பக்கத்திலும் "இன்று எனக்காகச் செய்தது" என்று என் கையாலேயே தலைப்பு எழுதியிருக்கிறேன். முந்நூற்று அறுபத்தைந்து தரம். விரல் வீங்கிவிட்டது.

எனக்கும் ஒரு டயறி வாங்கினேன். முதல் பக்கத்தில் இந்த வருடம் நான் செய்தே தீரவேண்டிய ஒன்றை எழுதியிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். சித்திரைப் புதுவருடத்துக்கு நான் அங்கே வரட்டுமா? அத்தானின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் பிறகு நான் உங்கள் வாசலை மிதிக்கவில்லை. நீங்கள் "வா" என்று ஒரு சொல் எழுதினால் வருவேன். எழுதாவிட்டால் வரமாட்டேன்.

என்றும் உங்கள்
சுபோதினி


வெள்ளவத்தை
11.01.2025

அன்புத் தங்கை சுபோவுக்கு,

அக்கா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசு. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுடைய எழுத்து, பொறுத்து வாசி.

டயறி வந்தது. கீழே எங்கள் தொடர்மாடி செக்கியூரிட்டி றொபேட் கொண்டுவந்து தந்தார். லிப்ட் திரும்பவும் வேலை செய்யவில்லை. பாவம், அந்த வயதில் கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் பிடித்து வருகிற மனுசன், நாலு மாடி ஏறி வந்து மூச்சு வாங்கினார். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இனிமேல் கடிதம் வந்தால் கீழேயே வையுங்கோ, நான் இறங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உன்னுடைய மிஸ் சொன்னபடி கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். என் முகம் எங்கே தெரிந்தது? பின்னால் கதவில் கொழுவியிருக்கிற அவருடைய சேட்டுத்தான் தெரிந்தது. "நான் நலம்" என்று ஒரு தரம் சொன்னேன். மூன்று தரம் சொல்ல வெட்கமாக இருந்தது.

எனக்காக ஒன்று செய் என்கிறாய். என்ன செய்வது என்று யோசித்தே முதல் நாள் அரை நாள் போய்விட்டது. பிறகு தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். அதை எழுதினேன். இரண்டு கோப்பை போட்டதை எழுதவில்லை. மற்றதைக் குசினித் தொட்டியில் ஊற்றினேன். இரண்டாம் நாளும் தேத்தண்ணி. மூன்றாம் நாள் பக்கத்தில் வெங்காயம், பருப்பு, செத்தல் மிளகாய் என்று கடைக்கு வேண்டியதை எழுதிவிட்டேன். உன் விரல் வீங்கியது வீண்.

பொங்கல் வருகிறது. எங்களுக்கு இந்த வருடம் பொங்கல் இல்லை. மூன்றாம் மாடி மனிசி கொண்டுவந்து தருவாள். தரும்போது ஏதாவது புத்திமதியும் சேர்த்துத் தருவாள்.

போன் எடுக்கவில்லை என்று மனதில் வைக்காதே. இந்தப் போனில் சார்ஜ் நிற்பதில்லை.

வேறு புதினம் இல்லை.

அன்புடன்
அக்கா கனகேஸ்வரி


வவுனியா
18.01.2025

அன்புள்ள அக்கா,

உங்கள் எழுத்தைக் கண்டதே சுகம். அதை மூன்று தரம் வாசித்தேன். நல்லெண்ணெயும் பூசினேன். முழங்கால் நோ கொஞ்சம் குறைந்திருக்கிறது.

போனில் சார்ஜ் நிற்பதில்லையா? மிதுஷனுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் நிற்கிறதா? சரி, நான் அதைக் கேட்கவில்லை.

தேத்தண்ணி குடித்தது நல்ல விசயம். அதையே எழுதுங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம் என்றுதான் அந்த மிஸ் சொன்னா. நானும் சிறிதாகத்தான் தொடங்கியிருக்கிறேன். சங்கத்தில் என்னை விட இளையவர்கள் வேலையை என் மேசையில் போட்டுவிட்டுப் போனால், "இது என்ர வேலை இல்லைப் பிள்ளை" என்று சொல்லப் பழகுகிறேன். இதுவரை இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு இரண்டு தரமும் அந்த வேலையைச் செய்தும் கொடுத்தேன். அதையும் டயறியில் எழுதினேன்.

முதல் பக்கத்தில் எழுதியதை இன்னும் செய்யவில்லை.

சித்திரைக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தேன். நீங்கள் அதைக் காணவில்லைப் போல.

உங்கள்
சுபோ


வெள்ளவத்தை
02.02.2025

அன்புத் தங்கைக்கு,

நலம். நீ நலமாக இருந்தால் எனக்கு அதுவே போதும். மிதுஷனுக்குக் குளிருக்கு மூக்கடைப்பாம். வேறொன்றும் இல்லையாம்.

உனக்கு ஒரு விசயம் சொல்ல வேண்டும். சிரிக்கக்கூடாது.

அத்தானுடைய சப்பாத்து உனக்குத் தெரியுமோ தெரியாது. போன வருடம் ஜனவரி முதலாம் திகதி வாங்கிக்கொண்டு வந்தவர். வெள்ளை நிறம், அடியில் நீலக் கோடு. இருதய டொக்டர் நடக்கச் சொல்லியிருந்தார் அல்லவா. "கனகம், இந்த வருசம் முழுக்க என்ர உடம்புக்குத்தான். ஒருத்தரும் என்னை மறிக்கேலாது" என்று வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடந்து காட்டினார். பதினொரு நாள் கடற்கரையோரம் மரைன் டிரைவில் நடந்தார். பன்னிரண்டாம் நாள் மழை. பதின்மூன்றாம் நாள் நான் மீன் வாங்கிவரச் சொன்னேன். பிறகு சப்பாத்து கட்டிலுக்குக் கீழே போய்விட்டது.

தைப்பூசத்துக்கு முன்னம் வீட்டைத் துப்புரவாக்குவோம் என்று கூட்டினேன். தும்புத்தடி சப்பாத்தில் தட்டியது. எடுத்துத் துடைத்தேன். புதுச் சப்பாத்துத்தான், தேயவே இல்லை. என்ன நினைத்தேனோ, போட்டுப் பார்த்தேன். அவருக்கு எட்டு, எனக்கு ஆறு. முன்னுக்குத் துணி அடைத்தேன். இறுகிவிட்டது.

விடிய ஆறு மணிக்கு இறங்கினேன். சேலையோடு சப்பாத்து. படியில் டக் டக் என்று சத்தம். றொபேட் எழும்பி நின்றுவிட்டார்.

"அம்மா, அது ஐயாட சப்பாத்து தானே?"

"ஓம்."

"எங்க போறீங்க?"

"நடக்க."

மனுசன் கேற்றைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் ரோட்டைக் கடந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தபோதும் அப்படியே பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடல் அடித்துக்கொண்டிருந்தது. முப்பது வருடமாக இங்கே இருக்கிறேன், உடுப்புக் காயப்போட மட்டும்தான் அந்தப் பக்கம் பார்த்திருக்கிறேன். பம்பலப்பிட்டிப் பக்கம் கொஞ்சத் தூரம் நடந்தேன். நாயோடு வந்த ஒரு சிங்கள ஐயா "கொஹொமத நோனா?" என்று சுகம் கேட்டார். "ஹொந்தய்", நலம் என்றேன். சொல்லிவிட்டு யோசித்தேன், அந்தக் கண்ணாடிக்கு முன்னால் சொல்ல வெட்கப்பட்டதை முன்பின் தெரியாத ஆளிடம் எப்படிச் சொன்னேன் என்று.

டயறியில் எழுதினேன். இந்த முறை தேத்தண்ணி இல்லை.

அன்புடன்
அக்கா


வவுனியா
08.02.2025

அன்புள்ள அக்கா,

நான் சுகம். இன்றைக்கு எனக்குக் கடவுளிடம் கேட்க ஒன்றும் இல்லை, நன்றி சொல்லத்தான் இருக்கிறது.

சிரிக்கவில்லை அக்கா. அழுதேன். பிறகு சேலையோடு சப்பாத்து என்ற இடத்துக்கு வந்ததும் சிரித்தேன், மன்னியுங்கள். பெரிய சப்பாத்தோடு நடக்க வேண்டாம், விழுந்தால் எலும்பு பொருந்தாத வயது. உங்கள் அளவில் ஒன்று வாங்குங்கள். அத்தானுடையதைப் பத்திரமாக வைக்கலாம்.

அத்தான் அந்தச் சப்பாத்து வாங்கிய அன்று எனக்குப் போன் எடுத்தவர். "சுபோ, அடுத்த வருசம் நீ வரேக்க நானும் நீயும் ஓட்டப்போட்டி" என்று சொன்னவர். உங்களுக்குத் தெரியாமல் அவர் எனக்கு அடிக்கடி போன் எடுப்பார், அக்கா. தங்கச்சி இல்லாத மனுசன்.

இரண்டு மாதம்தான் இருக்கிறது சித்திரைக்கு. பஸ்ஸுக்கு இப்போதே சீட் பதிந்தால்தான் கிடைக்கும். வரட்டுமா?

உங்கள்
சுபோ


வெள்ளவத்தை
23.02.2025

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் சுகம். எல்லாரும் என்றால் நான்தான்.

நீ சொன்னபடி சப்பாத்து வாங்கினேன். காலி வீதியில் நப்ரீஸ் என்ற தம்பியின் கடை. பெட்டியைத் திறந்துகொண்டே, "யாருக்கு ஆன்ட்டி? மகளுக்கா?" என்று கேட்டான். எனக்கு மகள் இல்லை. மருமகளுக்கா என்றான். மருமகளும் இன்னும் வரவில்லை.

"எனக்குத்தான் தம்பி."

"அப்ப உக்காருங்க, கால நீட்டுங்க" என்று சொல்லித் தானே குந்தியிருந்து நூல் கட்டிவிட்டான். என் காலை அப்படி ஒருத்தர் பிடித்து எத்தனை வருடம். நாவல் பழ நிறத்தில் ஒன்று எடுத்தேன். கறுப்புத்தான் எடுக்கப் போனேன். "ஆன்ட்டி, இது கடல் வெளிச்சத்துக்கு அழகு" என்று அவன் சொல்ல, சரி என்றுவிட்டேன்.

அடுத்த நாளே மூன்றாம் மாடி மனிசி படியில் மறித்தாள்.

"கனகேஸ்வரியக்கா, குறை நினைக்காதேங்கோ. வருசம் திரும்பேல்லை, ஆட்டைத் திவசமும் முடியேல்லை. அதுக்குள்ள கலர்ச் சப்பாத்தோட கடற்கரைக்குப் போனால் சனம் என்ன சொல்லும்?"

"சனம் ஆறு மணிக்கு நித்திரை, பிள்ளை. நீர்தான் முழிச்சிருக்கிறீர்" என்றேன்.

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியாது. நிற்காமல் கீழே இறங்கினேன். றொபேட் மேசைக்குப் பின்னால் குனிந்து சிரித்தார். அத்தான் இல்லாமல் போன ஓகஸ்டுக்குப் பிறகு அவர் சிரித்து நான் காணவில்லை.

இப்போது ஒவ்வொரு நாளும் பம்பலப்பிட்டி ஸ்ரேசன்மட்டும் போய்த் திரும்புகிறேன். டயறியில் இருபது பக்கம் நிறைந்துவிட்டது. இரவில் இரண்டு மணித்தியாலம் கூடுதலாக நித்திரை வருகிறது.

லிப்ட் இன்னும் திருத்தவில்லை. உன் முழங்காலுக்கு நாலு மாடி ஏறுவது கஷ்டம்.

அன்புடன்
அக்கா


வவுனியா
01.03.2025

அன்புள்ள அக்கா,

சுகமாக இருக்கிறீர்கள் என்பது கடிதத்தில் தெரிகிறது. அது போதும் என்று இருந்திருப்பேன்.

ஆனால் மூன்று கடிதத்தில் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டேன். சப்பாத்துக்குப் பதில் வந்தது, கண்ணாடிக்குப் பதில் வந்தது, முழங்காலுக்குக்கூட வந்தது. என்னுடைய முழங்கால் நாலு மாடி ஏறும் அக்கா. பத்து மாடியும் ஏறும். "வராதே" என்று எழுதுங்கள், அதையாவது எழுதுங்கள். ஏன் என்றும் எழுதுங்கள்.

சுபோ


வெள்ளவத்தை
09.03.2025

சுபோவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். அதில் மாற்றம் இல்லை. இதை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

போனில் சார்ஜ் நிற்கிறது. உன் பெயர் அதில் விழுந்தால் என் கை போவதில்லை. அதுதான் உண்மை.

நீ கண் கிளினிக்குக்கு என்று பஸ் ஏறிவிட்டேன், இரண்டு மணிக்கு வந்துவிடுவேன் என்று எனக்குச் சொன்னது ஒரு சனிக்கிழமை காலமை. நாலு வருடத்துக்குப் பிறகு என் தங்கச்சி வருகிறாள். கணவாய் வாங்கி வைத்திருந்தேன். கத்தரிக்காய் பொரித்தாயிற்று. சோறு பாதி வெந்துகொண்டிருக்கும்போது அடுப்பு நின்றுவிட்டது. காஸ் முடிந்துவிட்டது. கொண்டுவந்து தருகிற பெடியன் பின்னேரம்தான் வருவான். லிப்ட்டும் இல்லை.

அத்தான் அப்போதே சொன்னார். "ஏனப்பா அந்தரப்படுறீர். கீழ்க் கடையில மூண்டு பார்சல் எடுத்தால் முடிஞ்சுது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என்ர தங்கச்சிக்குக் கடைச் சாப்பாடோ? வவுனியாவுக்குத் திரும்பிப் போய் என்ன சொல்லுவாள்? அக்கா பார்சல் கட்டித் தந்தவள் எண்டோ?"

வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதைத்தான் சொன்னேன். பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொன்னது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் கொஞ்ச நேரம் பல்கனியில் நின்றுவிட்டு, வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு இறங்கினார். றொபேட்டால் தூக்க முடியாது, ஹேர்னியா ஒப்பரேசன் செய்தவர். மற்றவர்களைக் கேட்க அத்தானுக்கு வாய் வராது. நிறைந்த சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு நாலு மாடி ஏறினார். கொழுவி, பற்றவைத்து, "இந்தா, உம்மட தங்கச்சிக்குச் சமையும்" என்றார். பிறகு கதிரையில் இருந்தார். தண்ணி கேட்டார். நான் கணவாய்க்கு வெங்காயம் தாளித்துக்கொண்டு, "ஒரு நிமிசம் பொறுங்கோ" என்றேன்.

ஒரு நிமிசம் அவர் பொறுக்கவில்லை, சுபோ.

நீ வந்தபோது வீடு நிறைய ஆட்கள். சோறு அரை வேக்காட்டில் அப்படியே இருந்தது. இதை மிதுஷனுக்குக்கூட நான் சொல்லவில்லை. நெஞ்சு வலி வந்தது, போய்விட்டார் என்றுதான் சொன்னேன்.

உன் குரலைக் கேட்டால் எனக்கு அந்தச் சனிக்கிழமைதான் கேட்கிறது. உன் மேல் எனக்குக் கோபம். அது நியாயம் இல்லை என்று தெரிந்தும் கோபம். நீ அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். அப்படி நினைத்துவிட்டு, கடைச் சாப்பாடோ என்று கேட்டது நான்தானே என்று நினைக்கிறேன். என் மேல் இருக்கிற கோபத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. நீ அகப்பட்டாய்.

நீ புதுவருடத்துக்குப் புது மனம் என்று டயறி அனுப்பினாய். நடக்கிறேன், நித்திரை கொள்கிறேன், சிரிக்கவும் செய்கிறேன். இது மட்டும் உள்ளுக்குள் பழசாகவே இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு உன்னை வா என்று எப்படி எழுத?

அக்கா


வவுனியா
14.03.2025

அக்கா,

கடிதம் கிடைத்தது. சுகம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

காஸ் விசயம் எனக்குத் தெரியும். செத்தவீட்டன்றே தெரியும். வாசலில் றொபேட் நின்று அழுதார். "தங்கச்சி வாறா எண்டுதான் ஐயா தூக்கினார், என்னால தூக்க ஏலாமப் போச்சு" என்று யாரோ ஓர் ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தங்கச்சி பக்கத்தில் நிற்பது அவருக்குத் தெரியாது. நீங்கள் என்னைப் பேசுவீர்கள், அடிப்பீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் பேசாமல் விட்டதுதான் தாங்க முடியவில்லை. போன் எடுக்காதது ஏன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கருத்தரங்கு, டயறி எல்லாம் உண்மைதான். ஆனால் உங்களைப் பழையபடி ஆக்கிவிட்டால் என் பாரம் குறையும் என்று நினைத்ததும் உண்மை.

என் டயறியின் முதல் பக்கத்தில் எழுதியது இதுதான்: "அக்காவுக்குச் சொல்ல வேண்டும்." உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

அன்றைக்குப் புத்தளத்தில் பஸ் நின்றது. எனக்குப் பசி தாங்கவில்லை. காலமை ஒன்றும் சாப்பிடவில்லை. இறங்கி, கடையில் மூன்று பராட்டாவும் மீன்குழம்பும் சாப்பிட்டேன். வயிறு நிறைந்துவிட்டது. கை கழுவிவிட்டு வரும்போது அத்தான் போன் எடுத்தார்.

"சுபோ, எங்க நிக்கிறாய்?"

"புத்தளம் அத்தான்."

"சாப்பிட்டியோ?"

"இல்லை அத்தான். வந்து அக்காவின்ர கையால சாப்பிடுறன்."

சாப்பிட்டேன் என்று சொன்னால் நீங்கள் கோவிப்பீர்கள் என்று நினைத்தேன். சமைத்து வைத்துக்கொண்டு இருக்கிற அக்காவிடம் பராட்டா தின்றுவிட்டு வருகிறேன் என்று எப்படிச் சொல்வது? உங்கள் வீட்டுக்கு வந்து இன்னொரு முறை சாப்பிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அத்தான் "அப்ப சரி, வா" என்று வைத்துவிட்டார். உங்கள் கடிதம் வந்தபிறகுதான் அவர் பல்கனியில் நின்றது ஏன் என்று எனக்குச் சரியாக விளங்கியது. காஸ் முடிந்தபிறகு எடுத்திருக்கிறார், அக்கா. நான் ஓம் என்று சொல்லியிருந்தால் அவர் இறங்கியிருக்கமாட்டார்.

அன்றிலிருந்து பயணத்தில் நான் எங்கேயும் இறங்கிச் சாப்பிடுவதில்லை. அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை என்று தெரியும்.

இனி நீங்கள் வா என்று எழுத வேண்டாம். உண்மையைச் சொல்லிவிட்டேன். நடக்கிறதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சுபோ


வவுனியா
28.03.2025

அக்கா,

இரண்டு கிழமையாகப் பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. மிதுஷனிடம் கேட்டேன், சுகம் என்றான். மழை நாளில் ஈரப் படியில் கவனம்.

சுபோ


வெள்ளவத்தை
05.04.2025

என் அன்புத் தங்கை சுபோவுக்கு,

அக்கா எழுதுகிறேன். சுகமாக இருக்கிறேன், அது பொய்யில்லை. நீ ஒழுங்காகச் சாப்பிடாமல் மெலிந்து போய் இருக்கிறாய் என்று மிதுஷன் சொன்னான். வீடியோவில் பார்த்தானாம்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு நான்கு நாள் நடக்கப் போகவில்லை. ஐந்தாம் நாள் றொபேட் மேலே ஏறி வந்தார். ஏற வேண்டாம் என்று சொல்லியும் ஏறி வந்து, கதவில் தட்டி, "அம்மா, கேற்ற திறந்து வச்சிக்கிட்டு நாலு நாளா நிக்கிறன்" என்றார். சப்பாத்தைப் போட்டேன்.

முதல் சில நாள் உன் மேல் கோபத்தோடு நடந்தேன். பராட்டா பராட்டா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பம்பலப்பிட்டி போய்விட்டேன். பிறகு அத்தான் மேல் கோபம் வந்தது. என்னிடம் ஒரு சொல் சொல்லாமல் பல்கனியில் நின்று உனக்குப் போன் எடுத்திருக்கிறார் பார். பெண்சாதியோடு வாதாட முடியாமல் சாட்சி தேடியிருக்கிறார். அதை நினைக்க எனக்கு ரோட்டிலேயே சிரிப்பு வந்துவிட்டது. நாயோடு வருகிற ஐயா தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்து அவரும் சிரித்தார். பிறகு கடற்கரைக் கல்லில் குந்தியிருந்து அழுதேன். நாய் வந்து சப்பாத்தை மோந்து பார்த்துவிட்டுப் போனது.

சுபோ, எனக்கு எழுதத் தெரிந்தது கொஞ்சம். யோசித்ததை அப்படியே எழுதுகிறேன். நீ அக்கா கோவிப்பாள் என்று சொன்னாய். நான் தங்கச்சி குறை நினைப்பாள் என்று சொன்னேன். அத்தான் பக்கத்து வீட்டாரைக் கேட்க வெட்கப்பட்டார். மூன்று பேரும் மரியாதை பார்த்தோம். ஒருவரும் ஒருவருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. ஆனாலும் ஆள் போய்விட்டார். இதில் யாருடைய பங்கு எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. பிரித்துப் பார்த்து முடியும்வரைக்கும் உன்னை வாசலில் நிற்பாட்டி வைக்கவும் எனக்கு மனமில்லை. இந்த நாட்டில் எனக்கிருப்பது நீ ஒருத்தி.

கோபம் முழுவதும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இருக்கிறது. இருக்கட்டும். அதோடேயே வா.

எங்களுக்கு இந்த வருடம் புதுவருடம் இல்லை. பலகாரம் சுடமாட்டேன், கோலம் போடமாட்டேன். விடிய ஆறு மணிக்குக் கீழே இறங்கி நடப்போம். உனக்கு ஏழு அளவுதானே? நேற்று நப்ரீஸ் தம்பியின் கடைக்குப் போய் ஒரு சோடி எடுத்து வைத்திருக்கிறேன். "இது யாருக்கு ஆன்ட்டி?" என்றான். "என்ர தங்கச்சிக்கு" என்றேன். அதைத்தான் நேற்றைய பக்கத்தில் எழுதினேன்.

காஸ் எந்த நேரமும் முடியலாம், ஆட்டிப் பார்த்தேன், பாரம் இல்லை. முடிந்தால் முடியட்டும். கீழ்க் கடையில் இடியப்பமும் சொதியும் நன்றாக இருக்கும் என்று றொபேட் சொல்கிறார். பார்சல் எடுப்போம். வவுனியாவுக்குத் திரும்பிப் போய் அக்கா கடைச் சாப்பாடு தந்தாள் என்று ஊர் முழுக்கச் சொல்லு.

பன்னிரண்டாம் திகதி பஸ்ஸுக்கு இது கிடைத்த அன்றைக்கே சீட் பதி. பஸ் ஏறியதும் போன் அடி. நான் எடுப்பேன். புத்தளத்தில் இறங்கு, பசித்தால் பராட்டா சாப்பிடு. அந்த நேரம் நான் உனக்குப் போன் எடுத்து, சாப்பிட்டாயா என்று கேட்பேன். ஓம் என்று சொல்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அக்கா கனகம்